முகம் தெரிய வேண்டும்

மலேசியாவின் சிரம்பான் நகரிலுள்ள லோபாக்கில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருக்கும். உச்சி வேளையின் ஆண்டுச் சராசரி, மதியம் 1 மணி 12 நிமிடம். 1982 ஜனவரி 1 அன்று மலேசியத் தீபகற்பம் தன் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்து சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தது. கடிகாரம்தான் நகர்ந்தது, சூரியன் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. இந்தப் பகுதி நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகைகூட வடக்கே இல்லை. அதனால் மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் நடுவிலும் உச்சி வேளையில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. மற்ற நாட்களிலும் உச்சிச் சூரியன் தலைக்கு நேர்மேலிருந்து அதிகமாகச் சாய்ந்தால் 26 பாகை சாயும், அவ்வளவுதான்.

இந்த வானியலை உடம்பால் அறிந்தவர் உள்ளூர் நாளிதழின் புகைப்படக்காரர். தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு, கோயில் அன்னதானம், வீடு கேட்டு நிற்கும் தோட்ட மக்கள், மாதிரிக் காசோலையைப் பிடித்தபடி பிரமுகர்: எதுவானாலும் எல்லோரும் கூடி முடிக்கும்போது மணி ஒன்றை நெருங்கியிருக்கும். வெயில் செங்குத்தாக இறங்கும்போது நெற்றியும் மூக்கும் பளிச்சிடும், கண்குழி இரண்டும் கரும்பள்ளமாகிவிடும். பத்திரிகை அலுவலகம் அவரிடம் கேட்பதோ ஒன்றே ஒன்று. முகம் தெரிய வேண்டும். சூரியனில் தொடங்கி அச்சு மை வரைக்கும் அந்த முகம் கடக்கும் பாதையில் ஒவ்வொரு கட்டமும் அதிலிருந்து எதையாவது பறித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பறிப்புக்கும் யாரோ ஒருவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அந்தத் தந்திரங்கள்தான் என்னை வியக்கவைக்கின்றன.

முதல் தந்திரம் வெட்டவெளியிலேயே நடக்கிறது. கொளுத்தும் வெயிலில் ஃபிளாஷ் அடிப்பதைப் பார்த்து, "பகல்லயே எதுக்கு லைட்டு?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. வெயில் எட்டாத கண்குழிகளை நிரப்பத்தான் அந்த ஒளி. நிரப்பொளி என்று சொல்லலாம். கேமராவின் தலையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டிக்குள் நான்கு சிறு பேட்டரிகள். ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், நான்கும் சேர்ந்தால் 6. உள்ளிருக்கும் மின்சுற்று அந்த 6 வோல்ட்டை 300 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றி, மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கி என்ற உறுப்பில் நிரப்புகிறது. ஃபிளாஷைப் போட்டவுடன் சிறு வண்டு ரீங்கரிப்பதாகக் கேட்கிறதே, அது இந்த ஏற்றத்தின் ஓசை. சேரும் ஆற்றல் பெரிதல்ல, 60 ஜூல் அளவு. 60 வாட் குண்டு பல்பு ஒரு விநாடியில் தின்றுவிடும் ஆற்றல்தான். ஆனால் ஃபிளாஷ் அதை செனான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்க்குள் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் கொட்டித் தீர்க்கிறது. அந்தக் கணத்தில் அதன் திறன் 60,000 வாட். அறுபது இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் சூடேற்றும் திறன், உள்ளங்கையளவு பெட்டியிலிருந்து!

இவ்வளவு பலம் இருந்தும் ஃபிளாஷுக்குத் தொலைவு பெரிய பகை. தொலைவு இரண்டு மடங்கானால் ஒளி பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். முன்வரிசை இரண்டரை மீட்டரிலும் கடைசி வரிசை ஐந்து மீட்டரிலும் நின்றால், கடைசி வரிசை முகங்களுக்கு முன்வரிசைக்குக் கிடைத்ததில் நான்கில் ஒரு பங்குதான். கூரையுள்ள மண்டபமாக இருந்தால் ஃபிளாஷை அண்ணாந்து பார்க்கவைத்து, வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும் ஒளியை எல்லோருக்கும் பங்கிடலாம். தகரக் கொட்டகையில் அது பலிக்காது. அதனால்தான் அவர் "உள்ள வாங்க, இன்னும் நெருங்கி நில்லுங்க" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். வரிசைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைக் குறைத்தால் ஒளியின் ஏற்றத்தாழ்வும் குறைந்துவிடும்.

பள்ளி விளையாட்டுப் போட்டியில் சிக்கல் வேறு. நூறு மீட்டர் ஓடும் பையன் விநாடிக்கு ஏழு மீட்டர் வேகத்தில் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். கேமரா விநாடியின் 60இல் ஒரு பங்கு கண்ணைத் திறந்து வைத்திருந்தால், அதற்குள் அவன் 12 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். ஒரு முகத்தின் அகலம் அது. படத்தில் முகத்துக்குப் பதில் ஒரு கோடுதான் மிஞ்சும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் நகர்வு 7 மில்லிமீட்டர். மூக்கும் கண்ணும் தப்பித்துக்கொள்ளும். சரி, ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒரு கதவைத் திறந்து மூடுவது எப்படி?

கேமரா அப்படித் திறந்து மூடுவதே இல்லை. படம் விழும் தளத்துக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை விலகிக்கொண்டே போகும், இரண்டாவது அதை மூடிக்கொண்டே பின்தொடரும். படத்தின் உயரமான 24 மில்லிமீட்டரைக் கடக்க ஒவ்வொரு திரைக்கும் விநாடியின் 300இல் ஒரு பங்கு பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதன் வேகம் விநாடிக்கு ஏழு மீட்டர். ஓடிவரும் அந்தப் பையனின் அதே வேகம்! ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் வேண்டுமானால், முதல் திரை 7 மில்லிமீட்டர் முன்னே போனதும் இரண்டாவது புறப்பட்டுவிடும். 7 மில்லிமீட்டர் பிளவு ஒன்று படத்தின் மேல் ஊர்ந்து போகிறது. எட்டாயிரத்தில் ஒரு பங்கு என்றால் பிளவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆக, அந்தப் பையனின் காலும் தலையும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. கால் பதிந்து தலை பதிவதற்குள் அவன் இரண்டு சென்டிமீட்டர் வரை முன்னேறியிருக்கக்கூடும். நாம் 'ஒரு கணம்' என்று சொல்லும் படம் பல கணங்களைக் கீற்றுக்கீற்றாகச் சேர்த்துக் கட்டியது.

ஃபிளாஷ் வேலை செய்ய வேண்டுமானால் முழுப் படமும் ஒருசேரத் திறந்திருக்க வேண்டும். பிளவு ஊரும்போது அடித்தால் ஒரு கீற்றில் மட்டும் வெளிச்சம் விழும். பெரும்பாலான கேமராக்களில் முழுத் திறப்பு கிடைப்பது விநாடியின் 250இல் ஒரு பங்கு வரைக்கும்தான். அதனால் உச்சிவெயிலில் புகைப்படக்காரருக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். ஓட்டத்தை உறையவைக்கலாம், அல்லது கண்குழியை நிரப்பலாம். பரிசளிப்பில் ஒன்றையும் ஓட்டப்பந்தயத்தில் மற்றொன்றையும் அவர் யோசிக்காமலே தேர்ந்துகொள்கிறார்.

கேமராவுக்குள் ஓர் அனுமானமும் ஒளிந்திருக்கிறது. தோல்நிறம் கருத்தவர்களுக்கு அது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்று முடிவுசெய்யும் ஒளிமானிக்கு முன்னால் நிற்பது மனிதரா, சுவரா என்று தெரியாது. காட்சியின் சராசரி நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது எடுத்துக்கொள்கிறது. விழும் ஒளியில் 100க்கு 18 பங்கைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்பது கைநூல்களின் கணக்கு. வெளிர்ந்த தோல் அதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கைத் திருப்பி அனுப்பும். நம் கருத்த தோல் அந்தச் சாம்பலையே எட்டாது. இப்போது வெள்ளைச் சட்டை, கருநீலக் கால்சட்டை போட்ட முப்பது தமிழ்ப்பள்ளி மாணவர்களை வெள்ளைச் சுவருக்கு முன் நிறுத்துங்கள். எங்கும் வெள்ளையைக் கண்ட மானி, ஒளி அதிகம் என்று நினைத்து லென்ஸின் துளையைச் சுருக்கிவிடும். சட்டை சாம்பலாகும், முகம் கரியாகும். அனுபவப்பட்டவர் மானி சொல்வதைவிட இரண்டு மடங்கு ஒளியைக் கூடுதலாக விடுகிறார். சட்டையின் மடிப்புகள் தெரியாமல் போனால் போகட்டும். யாரும் பத்திரிகையில் சட்டையைத் தேடப்போவதில்லை.

இந்தப் பாரபட்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆரம்பகாலப் புகைப்படத் தட்டுகள் நீல ஒளிக்கு மட்டுமே கூருணர்வு கொண்டவை. ஜெர்மானியரான ஹெர்மன் ஃபோகல் 1873இல், சாயம் கலந்தால் தட்டுக்குப் பச்சையும் தெரியும் என்று கண்டுபிடித்தார். சிவப்பும் தெரியும் தட்டுகள் விற்பனைக்கு வந்தது 1906இல். மனிதத் தோல் அதிகமாகத் திருப்பி அனுப்புவது சிவப்பைத்தான். சிவப்பு தெரியாத தட்டில் கருத்த முகம் இன்னும் கருத்துப்போகும், நெற்றிக் குங்குமம் மைப்பொட்டாகும். பழைய குடும்பப் படங்களில் தாத்தா, பாட்டிகள் அவ்வளவு இருண்டு தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். வண்ணப்படம் வந்த பிறகும் கதை தொடர்ந்தது. நிறத்தைச் சரிபார்க்க என்று கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல பத்தாண்டுகள் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 'ஷெர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர். பல நிறத்தவரும் சேர்ந்து நிற்கும் அட்டைகள் பரவியது 1990களில். தோட்டத்து முகங்களைத் துலக்கமாக எடுத்த ஒவ்வொரு படக்காரரும், வேறு யாருக்காகவோ அளந்து செய்யப்பட்ட கருவியோடு மல்லுக்கட்டித்தான் எடுத்திருக்கிறார். அந்த உழைப்பு எந்தப் படத்தின் கீழும் எழுதப்படவில்லை.

உச்சிவெயிலுக்கு நேரெதிர், தோட்டத்தின் அதிகாலை. கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவும் தோட்டங்களில் பெரட்டு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் கூட்டம், இருட்டிலேயே நடக்கும். சிரம்பானில் விடிவதே ஏழு மணி வாக்கில். கதிரவன் செங்குத்தாக ஏறி இறங்கும் நிலப்பகுதி இது என்பதால் கருக்கல் வெளிச்சம் மொத்தமே இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். மரநிரைக்குள் போனால், விடிந்த பிறகும் இலைக்கூரை ஒளியைப் பிடித்துக்கொள்ளும். கீழே வருவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இங்கே படம் மணல்மணலாக வரும். கேமரா சரியில்லை என்று நாம் நினைப்போம், ஆனால் பெரும்பாலும் குற்றம் ஒளியின் இயல்பில் இருக்கிறது. ஒளி ஃபோட்டான் எனும் துகள்களாக வருகிறது. தகரத்தின்மேல் மழைத்துளி விழுவதுபோல, சமச்சீராக விழாது. ஒரு படப்புள்ளியில் 10,000 துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 100, அதாவது நூற்றுக்கு ஒன்று. 100 துகள்களே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, நூற்றுக்குப் பத்து. அந்தப் பத்துதான் கன்னத்தில் மணலாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு இலைகளை ஊடுருவி வரும் ஒளி பச்சை. கேமராவின் கண்ணிலோ பாதிப் படப்புள்ளிகள் பச்சையை மட்டும் பார்ப்பவை. கால்வாசி சிவப்பை, கால்வாசி நீலத்தை. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டும் அளந்துவிட்டு, மற்ற இரண்டையும் அண்டைப் புள்ளிகளைக் கேட்டு ஊகித்துக்கொள்கிறது. வண்ணப் படத்தில் நாம் காணும் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு கணக்கிட்ட ஊகம்! மரத்தடியில் பச்சை பூத்த முகத்துக்கு மனித நிறத்தைத் திருப்பிக் கொடுப்பதும் அந்தக் கணக்குதான்.

ஃபிலிம் காலத்தில் ஒளியைப் பதிவுசெய்யும் வேலையை வெள்ளி செய்தது. ஃபிலிமின் மேல் பூச்சில் வெள்ளி உப்பின் நுண்படிகங்கள் இருக்கும். ஒளி பட்ட படிகத்தில் நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் திரண்டால் போதும். எந்தக் கண்ணுக்கும் தெரியாத அந்தத் திரட்சி, உறங்கும் பிம்பமாக வாரக்கணக்கில் காத்திருக்கும். இருட்டறையில் ரசாயனத்தில் முக்கியதும் அந்த நான்கைந்து அணுக்கள் முழுப் படிகத்தையும் வெள்ளியாக மாற்றத் தூண்டிவிடுகின்றன. நூறு கோடி மடங்கு பெருக்கம் இது. ஆனால் கைநூல்கள் அந்த ரசாயனத்துக்குக் கேட்டது 20 பாகை வெப்பம். இந்த ஊரில் குழாய்த் தண்ணீரே அதைவிட ஏழெட்டுப் பாகை சூடு. சூட்டில் படிகங்களைத் தாங்கும் ஜெலட்டின் ஊதி, சுருங்கி, சில சமயம் கழன்றுகூட வரும். ஐஸ் கட்டி மிதக்கும் தொட்டிக்குள் ரசாயனக் கிண்ணத்தை இறக்கிவைத்துப் படம் கழுவுவது வெப்ப நாடுகளின் வழக்கமாக இருந்தது.

ஈரப்பதம் இன்றும் விடாத எதிரி. இங்கே காற்றின் பனிநிலை, அதாவது எந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்குமோ அந்த அளவு, ஏறத்தாழ 24 பாகை. குளிரூட்டிய மண்டபம் 20 பாகை. அமைச்சர் பேசி முடித்து வெளியே நடக்க, அவருக்கு முன்னால் ஓடிவரும் படக்காரரின் லென்ஸ் வாசலைத் தாண்டிய மறுநொடி பால்போல மங்கிவிடும். துடைத்தாலும் மறுபடி படியும். கண்ணாடி சூடேறும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே புறப்படுவதற்கு முன்பே கேமராவை இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் போட்டு வெளியே கொண்டுவந்து வைப்பார்கள். பையின் வெளிப்புறம் வியர்க்கும், லென்ஸ் தப்பும். வீட்டில் உலர்பெட்டி இல்லாவிட்டால் லென்ஸின் உள்ளே பூஞ்சை சிலந்திவலைபோல் படர்ந்து, கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும்.

படம் எடுத்தாயிற்று. கோலாலம்பூர் அச்சகத்துக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல். முன்பு ஃபிலிம் சுருள் பஸ்ஸில் ஏறிப் போக வேண்டியிருந்த அதே தூரத்தைப் படம் இன்று கைப்பேசியிலிருந்து சில விநாடிகளில் கடந்துவிடுகிறது. இதில் ஒரு வியப்பான கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1994இல் தன் படக்காரர்களுக்கு எண்முறைக் கேமராவைக் கொடுத்தபோது அதில் இருந்தவை 13 லட்சம் படப்புள்ளிகள். இன்றைய சாதாரண கேமராவில் 2 கோடி 40 லட்சம். ஆனாலும் அந்தப் 13 லட்சமே நாளிதழுக்குப் போதுமாக இருந்தது. 16 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சாகும் படத்துக்குச் சென்டிமீட்டருக்கு 80 படப்புள்ளி என்று வைத்தால், மொத்தம் 11 லட்சம்தான் வேண்டும். பளபளப்பான வார இதழ்களுக்கு முன்பே நாளிதழ்கள் எண்முறைக்கு மாறத் துணிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கடைசியாக அச்சு. முகம் படும் பெரும்பாடு இங்கேதான். அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. மை உண்டு, அல்லது இல்லை. கன்னத்தின் மென்னிழலை எப்படிக் காட்டுவது? படத்தைப் புள்ளிகளாக உடைத்து, இருண்ட இடத்தில் புள்ளியைப் பெரிதாக்கி, வெளிர்ந்த இடத்தில் சிறிதாக்கினால், கண் அவற்றைக் கலந்து சாம்பலாகக் காணும். இதுதான் புள்ளித்திரை முறை. 1880 மார்ச் 4 அன்று நியூயார்க்கின் 'டெய்லி கிராஃபிக்' ஒரு குடிசைப் பகுதியின் புகைப்படத்தை இந்த முறையில் வெளியிட்டது. அதற்கு முன் புகைப்படத்தைப் பார்த்து ஓவியர் மரக்கட்டையில் செதுக்கியதைத்தான் நாளிதழ்கள் அச்சடித்தன. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019இல் நின்ற 'தமிழ் நேசன்' முதல் அதற்குப் பின் வந்த 'மலேசிய நண்பன்', 'மக்கள் ஓசை' வரை, தோட்டத்துச் சனங்களின் முகங்கள் வீடுவீடாகப் போனது இந்தப் புள்ளிகளில்தான். புள்ளி வரிசையைப் பெரும்பாலும் 45 பாகை சாய்த்து வைப்பார்கள். நம் கண்ணுக்குக் கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் சட்டென்று தெரியும், சாய்கோடு அவ்வளவு தெரியாது. கண்ணின் குறையைக்கூட அச்சுத்தொழில் தனக்கு வசதியாக்கிக்கொண்டது.

நாளிதழ்த் தாளின் வெள்ளை உண்மையில் வெள்ளையில்லை. விழும் ஒளியில் நூற்றுக்கு 60 பங்கைத்தான் திருப்பித் தரும். அதன்மேல் படும் கறுப்பு மையும் முழுக் கறுப்பில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ பத்து மடங்கு. வெயிலுக்கும் கண்குழிக்கும், வெள்ளைச் சட்டைக்கும் கருத்த கன்னத்துக்கும் இடையே உள்ள அத்தனை ஒளிவேறுபாட்டையும் இந்தப் பத்து மடங்குக்குள் மடக்கி அடைக்க வேண்டும். அது போதாதென்று, உறிஞ்சும் தாளில் மை பரவும். பாதி இடத்தை மூட வேண்டிய புள்ளி, அச்சில் முக்கால் இடத்தை மூடிவிடும். பரவலைக் கணக்கில் கொண்டு படத்தை முன்கூட்டியே வெளுக்கவைத்து அனுப்பாவிட்டால், கருத்த முகங்கள் மைக்குள் மூழ்கிவிடும். வெளிர்ந்த முகத்துக்கு இந்த ஆபத்து குறைவு. ஒளிமானியில் தொடங்கிய ஓரவஞ்சனை அச்சுவரை கூடவே வருகிறது.

பதினைந்து பேர் ஒரே வரிசையில் நிற்கும் படம் 16 சென்டிமீட்டரில் அச்சானால், ஒரு முகத்தின் அகலம் நான்கு மில்லிமீட்டர். சென்டிமீட்டருக்கு 40 புள்ளி என்றால் குறுக்கே 16, நெடுக்கே 22. கண், மூக்கு, வாய், சிரிப்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 350 புள்ளிகள். இவ்வளவு போதுமா? 1973இல் அமெரிக்க ஆய்வாளர் லியோன் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் கட்டங்களாகக் குறைத்துக் காட்டினார். கிட்டத்தில் வெறும் கட்டங்கள். எட்ட நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் லிங்கன்!

ஆனால் லிங்கன் எல்லோரும் அறிந்த முகம். 1999இல் வெளியான கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு அங்கேதான் கைவைத்தது. தெளிவில்லாத கண்காணிப்புக் கேமராப் பதிவுகளில் தெரிந்த பேராசிரியர்களை, அவர்களிடம் படித்த மாணவர்கள் எளிதில் அடையாளம் கண்டார்கள். அவர்களை அறியாத மாணவர்கள் திணறினார்கள். அனுபவமுள்ள காவல்துறையினரும் அதே அளவுக்குத் திணறினார்கள். ஆய்வாளர்கள் நடையை மறைத்தும் உடம்பை மறைத்தும் பார்த்தார்கள், தெரிந்தவர்களுக்கு அதிகக் கஷ்டம் இல்லை. முகத்தை மறைத்தபோதுதான் அடையாளம் போயிற்று. பழகிய முகம் என்றால், குறைபட்ட படத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

லோபாக்கில் ஒரு பாட்டி நான்கு மில்லிமீட்டரில் தன் பேரனைக் கண்டுபிடிப்பது இந்தத் திறனால்தான். கோலாலம்பூரில் பக்கம் கட்டுபவருக்கோ அந்தப் பதினைந்து பேரும் அந்நியர்கள். அவருடைய மூளைக்கு 350 புள்ளிகள் எதையும் சொல்லாது. அதனால் படம் எடுத்த கையோடு புகைப்படக்காரர் குறிப்பேட்டைத் திறக்கிறார். இடமிருந்து வலமாக ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயரின் முதலெழுத்து, எழுத்துக்கூட்டு எல்லாவற்றையும் அவர்களிடமே கேட்டு எழுதி முடித்த பிறகுதான் வரிசையைக் கலையவிடுகிறார்.